மாமா கம்பெனி கடனுக்கு ஜாமீன் போடலாமா?

நீங்க கூமாப்பட்டியில இருந்து சென்னைக்கு வேலைக்கு வந்தவர். ஊர்ல மாமா தன் பிரைவேட் லிமிடெட் கம்பெனியோட 1 கோடி ரூபாய் கடனுக்கு உங்களை ஜாமீன் கேட்கிறார்னு வைங்க. கம்பெனி திவாலானா?

1872 இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128: ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, கடன் வாங்கினவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு.

திவால் தீர்வுத் திட்டம் ஓகே ஆனாலே ஜாமீன் முடிஞ்சிடுமா? இல்லை. லலித் குமார் ஜெயின் வழக்கில் 2021 மே 21-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. பேங்குக்கு 30 லட்சம்தான் கிடைச்சா, மீதி 70 லட்சத்துக்கு உங்ககிட்ட வரலாம்.

அதனால, ஜாமீன் தொகைக்கு உச்சவரம்பு எழுதச் சொல்லுங்க. அதையும் உங்களால கட்ட முடியாதுன்னா, மாமா கோவிச்சாலும் பரவாயில்லை, கையெழுத்து போடாதீங்க!