எம்.டெக். சீட் கிடைக்கவில்லை, சரி, பிறகு?

2024-இல் எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வை எழுதியவர்கள் சுமார் ஆறரை லட்சம் பேர். தகுதி பெற்றவர்கள் ஏறத்தாழ 1.29 லட்சம். தகுதி பெற்றாலும் நினைத்த ஐ.ஐ.டி.யில் நினைத்த பிரிவு கிடைப்பது வேறு கதை. எம்.டெக்.கை நம்பி கேம்பஸ் இன்டர்வியூ பக்கமே போகாதவர்களுக்கு ஜூலையில்தான் வயிற்றில் புளி கரைகிறது. அக்கம்பக்கத்து ஆலோசனைகளும் அப்போதுதான் வரிசைகட்டி வருகின்றன.

‘சீட் இல்லையென்றால் கேட் ஸ்கோர் வெறும் காகிதம்.’ இல்லை, அது மூன்று ஆண்டுகள் செல்லும். பல பொதுத்துறை நிறுவனங்கள் பொறியாளர்களை கேட் மதிப்பெண்ணை வைத்தே எடுக்கின்றன. ஆனால் பெரும்பாலும் அறிவிப்பில் குறிப்பிட்ட ஆண்டின் ஸ்கோரைத்தான் கேட்பார்கள். பழையதை நீட்டிப் பயனில்லை. பலர் எட்டிப் பார்க்காத இடம் ஒன்று உண்டு: ஐ.ஐ.டி. மெட்ராஸ் போன்ற இடங்களின் ஆய்வுத் திட்டங்களில் வரும் ‘ப்ராஜெக்ட் அசோசியேட்’ வேலை. பி.இ. படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும் என்பது உண்மைதான். ஆனாலும் ஆராய்ச்சி ஆசை உள்ளவருக்குச் சம்பளத்தோடு ஆய்வகம் கிடைக்கிறது. அடுத்த விண்ணப்பத்துக்குப் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமும் கிடைக்கலாம்.

‘அப்ரண்டிஸா? அது ஐ.டி.ஐ. பையன்களுக்கு.’ 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் பொறியியல் பட்டதாரிகளை 1973-லேயே சேர்த்துவிட்டார்கள். 2019 விதித் திருத்தம் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்றது. கேட் மூலம் எம்.டெக். சேர்ந்தவருக்குக் கிடைக்கும் உதவித்தொகையே 12,400தான்! நெய்வேலி என்.எல்.சி., அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எல்லாம் பட்டதாரிகளை இப்படி எடுத்திருக்கின்றன. ‘ஒரு வருஷம் ஓட்டினால் நிரந்தரமாக்கிவிடுவார்கள்’ என்பது மட்டும் தவறு. அப்படி எந்தச் சட்டக் கட்டாயமும் இல்லை.

‘வேலைக்குப் போனால் படிப்பு போச்சு’ என்பதற்கு நீளமான பதில் வேண்டாம். கேட் எழுத வயது வரம்பும் இல்லை, இத்தனை முறைதான் என்ற கணக்கும் இல்லை.

பல விண்ணப்பங்கள் விழுவது ரெஸ்யூமில். எம்.டெக்.குக்காக எழுதிய ‘உயர்கல்வி தொடர்வதே என் இலக்கு’ என்ற வரி அப்படியே முதலில் நிற்கும். எச்.ஆர். அதைப் படித்ததும், “அடுத்த வருஷம் போயிடுவீங்களா?” என்று கேட்காமல் வேறு என்ன கேட்பார்? அந்த வரியைத் தூக்கிவிட்டு, இறுதியாண்டு ப்ராஜெக்ட்டில் தன் கையால் செய்ததை எழுத வேண்டும். ‘மோட்டார் வேகக் கட்டுப்பாடு’ என்ற தலைப்பு மட்டும் இருந்தால் யார் எதைச் செய்தார்கள் என்றே தெரியாது. ‘கன்ட்ரோலருக்கு நான் கோட் எழுதினேன், போர்டை நான் சால்டர் செய்தேன்’ என்றிருந்தால் எதிரே இருப்பவருக்கு அடுத்த கேள்வி கிடைக்கிறது.

இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை, ‘ஒரு வருஷம்தானே, வீட்டிலிருந்து படிக்கட்டும்’ என்பது. ஆஃப்-கேம்பஸ் அறிவிப்புகள் பலவற்றில் எந்த ஆண்டு தேர்ச்சி பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றே போட்டிருக்கும். பட்டதாரி அப்ரண்டிஸ் அறிவிப்புகளிலும் அப்படியே. மறுபடி கேட் எழுதுவதில் தவறில்லை. அந்த அறிவிப்புகளுக்கும் கையோடு விண்ணப்பித்துவிட்டுப் படிக்க உட்காரலாம்.