தோட்டத்தில் வழங்கிய துரைத்தமிழ்

ஒருவர் மொழியை மற்றவர் அறியாத இரு கூட்டத்தார் வாணிகத்தின் பொருட்டோ தொழிலின் பொருட்டோ நாள்தோறும் சந்திக்க நேரின், அவர்களிடையே சில சொற்களும் எளிய இலக்கணமுமே உடைய ஒரு கலப்புமொழி தோன்றுதல் உண்டு. மொழிநூலார் இதனைப் 'பிட்ஜின்' என்பர். அதுவே பிள்ளைகளுக்குத் தாய்மொழியாகிவிடின், வளம் பெருகி முழுமொழியாகும். அதனைக் 'கிரியோல்' என்பர். 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயரால் விளைந்த அத்தகைய மொழியொன்று மட்டக்களப்புப் பறங்கியர் சிலரிடையே இன்றும் வழங்குகின்றது. பசிபிக் தீவினர் பிறர் தோட்டங்களில் உழைத்த காலத்தில் வளர்ந்த 'டோக் பிசின்' இன்று பாப்புவா நியூகினியின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகும்.

நம் ஹட்டன் மலைகளில் நிகழ்ந்தது யாது? முதலிற் கோப்பிக்கும், ஜேம்ஸ் டெயிலர் 1867இல் தேயிலை பயிரிட்ட பின்னர்த் தேயிலைக்குமாகத் தமிழகத்துத் தொழிலாளர் இம்மலைநாட்டுக்கு வந்தனர். அவர்களை வேலைவாங்க வெள்ளைத் துரைமாரே தமிழ் கற்க வேண்டியதாயிற்று. 'இங்கே வா' என்னும் ஏவலையே பெயராகக் கொண்ட கைந்நூலொன்று சின்னத்துரைமாருக்கென அச்சாயிற்று. 1915இல் வெல்ஸ் என்பார் வெளியிட்ட நூல் 'கூலித் தமிழ்' எனப் பெயர் பெற்றது. தமிழிற் கூலி என்பது உழைப்பின் ஊதியம். துரைமார் வாயிலோ அது உழைப்பவனுக்கே பெயராயிற்று.

அத்துரைத்தமிழில் வா, போ, எடு, வெட்டு என்னும் ஏவல்களே மிகுதி. தொழிலாளியை நோக்கி 'வாருங்கள்' என்னும் மரியாதைச் சொல்லுக்கு அங்கே இடம் அரிது. ஆயினும் கொடுக்கல் வாங்கல் இருபாலும் நிகழ்ந்தது. 'பரேட்' பெரட்டாகவும், 'லைன்' லயமாகவும் தமிழுட் புகுந்தன. கங்காணி ஆங்கிலத்துட் சென்றார்.

எனினும் இது முழுமொழியாக வளரவில்லை. காரணம் வெளிப்படை. தொழிலாளர்க்குத் தாலாட்டும் ஒப்பாரியும் காமன் கூத்தும் கொண்ட நிறைமொழி ஒன்று முன்னரே இருந்தது. தம் மக்களிடம் ஏவல்மொழி பேச அவர்க்குத் தேவை எழவில்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் அகல, அவர்தம் தமிழும் உடன் அகன்றது. பெரட்டும் லயமும் மட்டும் நின்றன.

மலையகத் தமிழைக் குறைத்தமிழ் என்று நகைப்பார் இன்றும் உளர். குறைபட்டது தொழிலாளர் பேசிய தமிழன்று. அவரை நோக்கிப் பேசப்பட்ட தமிழே. மாணவர்காள், உங்கள் பாட்டன் பாட்டிமாரிடம் அச்சொற்களைக் கேட்டு இன்றே எழுதி வையுங்கள். அவை நம் வரலாற்றின் சான்றுகள்.