செல்ஃப் எடுக்கவில்லையா? முதலில் சத்தத்தைக் கேள்

தங்கச்சி, வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார், இல்லையென்றால் ஓசூரில் கம்பெனி வேலை. ராத்திரி மழை பெய்து செம்மண் பதமாக இருக்கிறது, இன்றைக்கே ஓட்டினால்தான் கேழ்வரகு விதைக்க முடியும். டிராக்டர் சாவியைத் திருப்புகிறாய், வண்டி செல்ஃப் எடுக்க மாட்டேன் என்கிறது. நம் தருமபுரிப் பக்கம் இப்படித் தனியாக வண்டியோடு நிற்கிற பெண்கள் எத்தனையோ பேர். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து பார்த்ததும், "செல்ஃப் மோட்டார் போச்சும்மா, புதுசு போட்டுடு" என்பார். உடனே பணத்தை எடுக்காதே. பழைய வண்டியில் கோளாறு பெரும்பாலும் மோட்டாரில் இருக்காது, பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவிலேதான் இருக்கும்.

முதலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பு. காதும் கண்ணும் சேர்ந்து வேலை செய்யட்டும். சத்தமே இல்லை, லைட்டும் மங்கவில்லை என்றால் மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை. சாவி ஸ்விட்ச், நியூட்ரல் ஸ்விட்ச், மோட்டாருக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சாலினாய்டுக்குப் போகிற சின்ன ஒயர், இந்த மூன்றையும் பார். கடலைக்காய் மூட்டை அடுக்கிய கொட்டகையில் வண்டி நின்றிருந்தால் எலி ஒயரைக் கடித்திருக்கும். பழைய மாஸ்ஸி மாதிரி வண்டிகளில் ஹை-லோ லிவர் நியூட்ரலில் இல்லாவிட்டால் செல்ஃப் எடுக்கவே எடுக்காது. அதையும் ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிடு.

டிக் டிக் டிக் என்று விடாமல் அடித்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை. "டக்" என்று ஒரே ஒரு சத்தம் கேட்டு நின்றுவிட்டால் சாலினாய்டு இழுக்கிறது, ஆனால் அதற்கு மேல் போதுமான கரண்ட் பாயவில்லை. சாலினாய்டின் உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கலாம், கேபிள் லூஸாக இருக்கலாம். மோட்டார் 'விர்ர்' என்று சுற்றியும் எஞ்சின் அசையவில்லையா? அப்போது மோட்டார் முனையில் இருக்கும் பென்டிக்ஸ் பல், ஃபிளைவீலின் ரிங் கியரில் போய்ச் சேரவில்லை.

"லைட் நல்லா எரியுதே, அப்போ பேட்டரி நல்லாத்தானே இருக்கு" என்று நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒரு ஹெட்லைட் பல்புக்கு நாலைந்து ஆம்பியர் போதும். மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினைத் திருப்ப செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த 200 ஆம்பியர் போகிற வழியில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே போய்விடும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியும் துருப்பிடித்த எர்த்து போல்ட்டும் அந்தத் தடையைக் கொடுக்கப் போதும். அதனால் புது மோட்டார் மாட்டினாலும் அதே பழைய கேபிளோடு அது முனகத்தான் செய்யும்.

ஆகவே முதல் வேலை சுத்தம் செய்வது. எர்த்து கேபிளை முதலில் கழற்று, மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டு. சில பழைய வண்டிகளில் பிளஸ் முனை பாடியில் மாட்டியிருக்கும், அதனால் கழற்றுவதற்கு முன்னால் எது எங்கே இருந்தது என்று பார்த்துக்கொள். வெந்நீரில் ஆப்பசோடா கரைத்துப் பொடியைக் கழுவு, அந்தத் தண்ணீர் பேட்டரி உள்ளே இறங்கக் கூடாது. முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவு. எர்த்து கேபிளின் மறுமுனையை மறந்துவிடாதே. அது எஞ்சினிலோ சேஸிலோ மாட்டியிருக்கும் இடத்தில் பெயின்டும் சேறும் படிந்து கிடக்கும், இரும்பு பளிச்சென்று தெரிகிற வரை சுரண்டு.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12 காட்டினால் காலி என்று எடுத்துக்கொள். பிறகு ஸ்டாப் குமிழை இழுத்து வைத்து, கியரெல்லாம் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவர் சீட்டில் உட்கார்ந்து செல்ஃப் அடிக்கட்டும். நீ டயருக்கு முன்னால் நிற்காமல், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ் ஈயக் குமிழிலும் மற்றொன்றை மோட்டாரின் பெரிய போல்ட்டிலும் வை. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில்தான் கோளாறு. மைனஸ் குமிழுக்கும் எஞ்சின் பாடிக்கும் நடுவிலும் இதே மாதிரி பார். செல்ஃபைப் பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் ஒரே மூச்சில் அடிக்க வேண்டாம். ஒரு நிமிஷமாவது ஆறவிட்டு அடுத்த முறை அடி.

இனி நான் சொல்வதை உன் வீட்டில் வண்டி தொடுகிற எல்லோருக்கும் சொல்லிவிடு. கீழே நின்றுகொண்டு ஸ்குரூடிரைவரை மோட்டார் முனைகளில் வைத்து ஷார்ட் செய்து எடுக்கிற பழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது. நியூட்ரல் ஸ்விட்சின் வேலையே கியரில் இருக்கிற வண்டியை எடுக்க விடாமல் தடுப்பதுதான், ஷார்ட் செய்தால் அந்தக் காவல் போய்விடும். மோட்டார் இருப்பது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில். கியர் விழுந்திருந்தால் எஞ்சின் பிடித்த அந்த நொடியே ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி நகரும், பின் டயர் நிற்கிறவர் மேலே ஏறும். விலகுவதற்கு நேரமே இருக்காது. இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. விதைப்பு ஒரு நாள் தள்ளிப் போனாலும் பரவாயில்லை, சீட்டில் உட்காராமல் வண்டியை எடுக்க யாரையும் விடாதே.

பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதுவும் ஊற்றாதே. நம் போர் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெட்டுத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்தக் காவிரித் தண்ணீர் குடிக்க நல்லது, ஆனால் அதிலும் உப்புகள் உண்டு, பேட்டரித் தகட்டுக்கு ஆகாது. தக்காளிக் கிரேட் ஏற்றிப் பாலக்கோடு மண்டிக்கு ஓடி, நிறுத்தி, மறுபடி எடுத்து என்று குட்டி ஓட்டமாகவே ஓடும் வண்டியில் பேட்டரி முழு சார்ஜுக்கு ஏறாது. கோடையில் சும்மா நிற்கும் வண்டியைத் தினமும் எடுத்து உடனே அணைப்பதும் கெடுதல். வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் ஓட விடு, இல்லையென்றால் எர்த்தைக் கழற்றி வை.

பென்டிக்ஸுக்குக் கிரீஸ் வைக்காதே, தூசி சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நிற்கும்போது ஃபிளைவீல் பெரும்பாலும் அதே இரண்டு மூன்று இடத்தில்தான் நிற்கும், அதனால் ரிங் கியரின் பல் அந்த இடங்களில் மட்டும் தேயும். கிளட்ச் வேலைக்காக வண்டியைப் பிரிக்கும்போது அதையும் பார்க்கச் சொல், தனியாக ஒரு கூலி மிச்சம்.

இத்தனைக்கும் பிறகு மோட்டாரில்தான் கோளாறு என்று தெரிந்தால், அப்போதும் புதிது வாங்க அவசரப்படாதே. சென்னைப் பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ்ஸின் மோட்டாராக இருந்தால் கார்பன், புஷ், சாலினாய்டு எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கழற்றிய பழைய கார்பனைக் கையில் வாங்கிப் பார், வண்டியில் மாட்டுவதற்கு முன்னால் பேட்டரி கொடுத்துச் சுற்றிக் காட்டச் சொல். மோட்டாருக்கு எர்த்து அதன் பாடி வழியாகத்தான் போகிறது. புதுப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தால், எஞ்சினோடு ஒட்டுகிற அந்த முகத்தில் மட்டும் பெயின்டைச் சுரண்டிவிட்டு மாட்டச் சொல்.