உப்புப் பூத்த ஓவியச் சுவரில் புதிய பாக்டீரியாவைக் கண்டறிவது எப்படி?

ஆஸ்திரியாவின் ஹெர்பர்ஸ்டைன் கோட்டையில் புனித கேத்தரின் சிற்றாலயம் இருக்கிறது. அதன் ஓவியச் சுவர்களில் கிடைத்த, உப்பில் வாழும் பாக்டீரியாவான ஹாலோமோனாஸ் முராலிஸ், 2002-இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. அப்படியொன்றைத் தேடுகிறவர்களுக்கு உப்புதான் முதல் துப்பு.

சுவரைத் தொடுமுன் ஓவியப் பாதுகாப்பு வல்லுநரிடம் பேசுங்கள். மாதிரி எடுக்கும் இடத்தை அவரே காட்டட்டும். வெள்ளையாக உப்புப் பூத்த இடம், ஏற்கெனவே பெயர்ந்த துணுக்கு, இளஞ்சிவப்புக் கறை ஆகியவை போதும். நன்றாக இருக்கும் வண்ணப்பூச்சில் கத்தி படவே கூடாது. கிருமி நீக்கிய கத்தியால் சிறிதளவு சுரண்டி, அந்த இடத்தின் ஈரப்பதத்தையும் வெப்பநிலையையும் அப்போதே குறித்துவிடுங்கள்.

துணுக்கில் கொஞ்சத்தை உப்புப் பகுப்பாய்வுக்கு ஒதுக்குங்கள். பழஞ்சுவரில் சமையல் உப்போடு ஜிப்சம், மெக்னீசியம் சல்பேட், நைட்ரேட்டுகளும் இருக்கலாம். வளர்ப்பு ஊடகத்தை அதற்கேற்பத் தயாரிக்க வேண்டும். உப்பில்லாத வழக்கமான அகாரை மட்டும் நம்பினால் தேடி வந்த உயிரியே முளைக்காமல் போகும். 3, 10, 20 சதவீதம் என உப்பை ஏற்றித் தனித்தனித் தட்டுகளில் பரப்பி, 28 டிகிரி செல்சியஸில் வாரக்கணக்கில் வையுங்கள். மெதுவாக வளர்பவை கடைசியில்தான் தலைகாட்டும். அவசரப்பட்டுத் தட்டுகளைக் கொட்டிவிடாதீர்கள். தட்டு காய்ந்தால் உப்புப் படிகம் கட்டி, பார்வைக்குக் காலனி போலவே தெரியும். சந்தேகம் வந்தால் நுண்ணோக்கியில் பாருங்கள்.

நிறமும் வடிவமும் வேறுபடும் ஒவ்வொரு காலனியையும் திரும்பத் திரும்பக் கீற்றிட்டுத் தூய்மையாக்குங்கள். பிறகு சுமார் 1,500 எழுத்து நீளமுள்ள 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவை வரிசைப்படுத்தி, அறியப்பட்ட இனங்களோடு ஒப்பிடுங்கள். ஒற்றுமை 98.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புதிய இனமாக இருக்க வாய்ப்பு அதிகம். மேலே இருந்தாலும் கைவிட வேண்டாம். முழு மரபணுத்தொகுதியை ஒப்பிட்டு, சராசரி ஒற்றுமை 95–96 சதவீதத்தைத் தொடவில்லையென்றால் அதுவும் தனி இனமே.

எண்கள் மட்டும் போதாது. நெருங்கிய உறவு இனங்களை வரவழைத்து, ஒரே ஆய்வகத்தில், ஒரே ஊடகத்தில் பக்கத்தில் வைத்து வளர்த்துப் பாருங்கள்: எந்த உப்பளவில் வளர்கிறது, எதில் நிற்கிறது, கொழுப்பு அமிலங்கள் என்னென்ன என்று. வேறுபாடு உறுதியானபின், இனத்துக்கு அடையாளமாக நிற்கும் வகை மாதிரியை இரு வெவ்வேறு நாட்டு நுண்ணுயிர்க் காப்பகங்களில் ஒப்படைத்துப் பெயரை வெளியிடலாம்.

பாதுகாப்பு வல்லுநருக்குத் தரும் அறிக்கையில் ஒன்றைத் தெளிவாக எழுதுங்கள்: இந்தப் பாக்டீரியா சுவரில் வாழ்கிறது என்பதற்கே உங்களிடம் சான்று உண்டு, அதுதான் ஓவியத்தைச் சிதைக்கிறது என்பதற்கு இல்லை. உப்புப் படிகமாவதே பூச்சைப் பெயர்த்துவிடும். தனிச் சோதனை நடத்தாமல் கிருமிநாசினியைப் பரிந்துரைக்காதீர்கள்.