மஹய்யாவ வகுப்பறைக்கு எந்த வானிலைச் செயற்பாடு?

தரம் 5, 6 பிள்ளைகளுக்கு வானிலையைச் செய்து காட்டக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். ஒன்றுக்குத்தான் இடமுண்டு என்றால், கண்டி மஹய்யாவப் பக்கத்து ஆசிரியர்கள் மழைமானியையே எடுக்க வேண்டும். போத்தலுக்குள் மேகம் செய்து காட்டினால் பிள்ளைகள் வியப்பார்கள். ஆனால் மறுநாள் அதனிடம் கேட்கப் புதிதாக ஒன்றும் இருக்காது.

பக்கம் நேரான, உயரமான பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டி, தலைகீழாகப் புனல்போல வையுங்கள். அடிவளைவு மறையும்வரை கூழாங்கல்லும் தண்ணீரும் இட்டு, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் கொண்டு அடிமட்டத்தை ஒட்டுங்கள். கூரையோ மரமோ மறைக்காத இடம் வேண்டும். கண்டியில் மார்ச்–ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் இடிமழை பெரும்பாலும் பின்னேரம்தான் வரும். பள்ளிக்கூடம் அதற்குள் விட்டுவிடும். பிள்ளைகள் காணாத அந்த மழையையும் போத்தல் பிடித்து வைத்திருக்கும். காலை 8.30க்கு அளந்தால், வளிமண்டலவியல் திணைக்களத்தின் கட்டுகஸ்தோட்டை நிலைய அளவோடு ஒப்பிடலாம். இரண்டும் ஒத்துப்போகாத நாளை விட்டுவிடாதீர்கள். இடிமழை ஒரு குன்றில் கொட்டிவிட்டு அடுத்த குன்றைத் தொடாமலே போகும் என்பதை அன்றுதான் சொல்லிக்கொடுக்க முடியும்.

மலைநாட்டுப் பிள்ளைக்கு அந்த மழையளவு உயிரோடு தொடர்புடையது. 24 மணிநேரத்தில் மழை 75 மி.மீ. தாண்டினால் விழிப்பாயிருக்கவும், 100 தாண்டினால் வெளியேற ஆயத்தமாகவும், 150 தாண்டினால் வெளியேறவும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகள் பலருடைய உயிரைக் கொண்டுபோயின. 150 என்றால் எவ்வளவு என்று தன் போத்தலில் விரல் வைத்துக் காட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவதாக எடுக்கக்கூடியது ஈரமானி. இரண்டு வெப்பமானிகளில் ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றுங்கள். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் அது குறைத்துக் காட்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் வித்தியாசம் சுருங்கும். பாதரச வெப்பமானி வேண்டாம், உடைந்தால் ஆபத்து.

மேகப் போத்தலுக்கு வெந்நீர், மேலே ஐஸ், கொஞ்சம் புகை போதும். நெருப்புக்குச்சியை ஆசிரியரே பற்றவைக்கட்டும். துளிகள் ஒடுங்கப் புகைத் துகள்கள் வேண்டும் என்று விளக்க இதைவிட நல்ல வழி இல்லை. பொலித்தீன் பைக்குள் நீர்வட்டம் காட்டுவது மலிவு. ஆனால் உள்ளூர் நீரே உள்ளூரில் மழையாகிறது என்ற எண்ணத்தை அது விட்டுச்செல்லும். தென்மேல் பருவமழையின் ஈரம் இந்து சமுத்திரத்திலிருந்து வருகிறது என்று கூடவே சொல்ல வேண்டும்.

பலூன் பாரமானியை நான் பரிந்துரைக்க மாட்டேன். இங்கே சாதாரண நாளில் வளியமுக்கம் மூன்று நான்கு மில்லிபார்தான் ஏறி இறங்கும். அடைபட்ட காற்று ஒரு பாகை சூடானாலே ஏறக்குறைய அதே மாற்றத்தைக் காட்டிவிடும். அமுக்கம் என்று பிள்ளை எழுதுவது உண்மையில் அறையின் வெப்பத்தை. காற்றுத் திசைகாட்டியும் குன்றுகளுக்கிடையே பருவக்காற்றின் திசையைக் காட்டாது, பள்ளத்தாக்கில் திரும்பி வரும் காற்றைத்தான் காட்டும். திறந்த மேட்டில் மைதானம் உள்ள பள்ளிக்கூடம் என்றால் மட்டும் அதைச் செய்து பாருங்கள்.