வேலை இல்லாமல் போவது யார் குற்றம்?

வேலை இல்லாதவரை ஊர் என்ன சொல்கிறது?

“சோம்பேறி” என்கிறது. “தண்டச்சோறு” என்கிறது. “உழைக்க மனமில்லை” என்கிறது.

ஏழையைப் பற்றி என்ன சொல்கிறது? “அது அவன் தலையெழுத்து” என்கிறது.

இந்தச் சொற்கள் சரியா? மட்டாஞ்சேரியின் கதையைப் படியுங்கள். பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

மட்டாஞ்சேரி

மட்டாஞ்சேரி கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் இருக்கிறது. கொச்சி நகரத்தின் மேற்குப் பகுதி அது. அதன் ஒரு பக்கத்தில் காயல் இருக்கிறது. காயல் ஓரமாகக் கடைத்தெரு நீண்டு போகிறது. தெருவின் இரு பக்கமும் பழைய கிடங்குகள்.

ஒரு காலத்தில் இந்தக் கிடங்குகள் நிறைந்திருந்தன. மிளகு, இஞ்சி, ஏலக்காய், கொப்பரை, கயிறு என்று எல்லாம் வந்தன. மலையிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் வள்ளங்களில் சரக்கு வந்து இறங்கியது. இங்கிருந்து கப்பல் ஏறி வெளிநாடு போனது.

சரக்கு தானாக நடக்குமா? ஆயிரக்கணக்கானவர்கள் அதைத் தலையிலும் முதுகிலும் சுமந்தார்கள். பெண்கள் கிடங்குகளில் உட்கார்ந்து இஞ்சியைக் காய வைத்தார்கள், புடைத்தார்கள், தரம் பிரித்தார்கள்.

பிழைப்புத் தேடிப் பல ஊர்க்காரர்கள் இங்கே வந்தார்கள். குஜராத்திகள் வந்தார்கள். கொங்கணிகள் வந்தார்கள். தமிழர்களும் வந்தார்கள். பக்கத்தில் உள்ள ஃபோர்ட் கொச்சியில் தமிழ்ச் சலவைத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்து வருகிறார்கள்.

பெரிய கப்பல் வந்தது

அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் காயலுக்குள் வர முடியாது. காயல் கடலில் கலக்கும் இடத்தில் மணல் திட்டு இருந்தது. கப்பல்கள் கடலிலேயே நின்றன. சரக்கு படகில் போய் ஏறியது.

1920ஆம் ஆண்டு ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கொச்சிக்கு வந்தார். மணல் திட்டை வெட்டி வழி செய்தார்கள். 1928ஆம் ஆண்டு முதல் பெரிய கப்பல் உள்ளே வந்தது. காயலைத் தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி ஒரு தீவையே உண்டாக்கினார்கள். அதுதான் வில்லிங்டன் தீவு. அங்கே துறைமுகம் வளர்ந்தது.

கப்பல் வந்தால் வேலை உண்டு. வராவிட்டால் வேலை இல்லை. வேலை கேட்டு வந்தவர்களோ மிக அதிகம்.

சாப்பா

வேலையை எப்படிப் பங்கிட்டார்கள் தெரியுமா?

கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கக் குத்தகைக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கீழே ஆள் பிடிக்கும் மேஸ்திரிகள் இருந்தார்கள். விடியும் முன்பே தொழிலாளர்கள் கூடி நிற்பார்கள். மேஸ்திரியின் கையில் உலோக வில்லைகள் இருக்கும். அந்த வில்லைக்குப் பெயர் சாப்பா. யார் கையில் சாப்பா இருக்கிறதோ அவருக்குத்தான் அன்றைக்கு வேலை.

மேஸ்திரி சாப்பாவைக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவார். தொழிலாளர்கள் பாய்வார்கள். ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். அடித்துக்கொள்வார்கள். கை கால் முறியும். சாப்பா கிடைத்தவர் வேலைக்குப் போவார். கிடைக்காதவர் வெறும் கையோடு வீட்டுக்குப் போவார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நூறு பேர் நிற்கிறார்கள். நாற்பது சாப்பா விழுகிறது. அறுபது பேருக்கு வேலை இல்லை. அந்த அறுபது பேரும் சோம்பேறிகளா? அவர்களும் விடியும் முன்பே வந்தவர்கள்தானே?

எல்லோரும் இரண்டு மடங்கு பலத்தோடு பாய்ந்தாலும் சாப்பா நாற்பதுதான். நாற்பது அறுபது ஆகாது.

ஆனால் கீழே விழுந்தவருக்கு அது தெரிவதில்லை. “அவன் என் வேலையைப் பிடுங்கிக்கொண்டான்” என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கோபப்படுவார். சாப்பாவை வீசிய கை அவர் கண்ணில் படாது. ஏழையை ஏழைக்கு எதிரியாக்கியதுதான் சாப்பா முறையின் பெரிய கொடுமை.

1953

1948ஆம் ஆண்டு இந்திய அரசு துறைமுகத் தொழிலாளர்களுக்காக ஒரு சட்டம் செய்தது. தொழிலாளர்களின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். முறை வைத்து வேலை கொடுக்க வேண்டும். இதற்கு வழி செய்ததுதான் அந்தச் சட்டம். ஆனால் சட்டம் வந்த பிறகும் கொச்சியில் சாப்பா போகவில்லை.

தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். சாப்பா முறையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மட்டாஞ்சேரியில் போலீசார் துப்பாக்கியால் சுட்டார்கள். அந்தப் போராட்டத்தில் மூன்று தொழிலாளர்கள் உயிர் இழந்தார்கள்.

பிறகு சில ஆண்டுகளில் சாப்பா முறை ஒழிந்தது. பெயர்ப் பதிவும் முறை வேலையும் வந்தன. இந்தக் கதையைக் கே.எம். சிதம்பரன் ‘துறைமுகம்’ என்ற நாடகமாக எழுதினார். 2023ஆம் ஆண்டு அது மலையாளத்தில் திரைப்படமாகவும் வந்தது.

முன்பு ஒருவரோடு ஒருவர் மோதியவர்கள்தான் பிறகு ஒன்றாக நின்றார்கள். ஆட்கள் மாறவில்லை. அவர்கள் பார்வை மாறியது. “இது என் தலையெழுத்து” என்று நினைத்தவரை சாப்பாவைத் தேடிப் பாய்ந்தார்கள். “இது மனிதர்கள் செய்த முறை. மனிதர்களால் மாற்ற முடியும்” என்று கண்டதும் நிமிர்ந்தார்கள்.

வேலை எங்கே போனது?

சாப்பா போனது. ஆனால் பிறகு வேலையே குறைந்தது. எப்படி?

முதலில் லாரிகள் வந்தன. வள்ளங்கள் குறைந்தன. சரக்கு மட்டாஞ்சேரிக் கிடங்குக்கு வராமலே துறைமுகம் போனது. பிறகு கன்டெய்னர் வந்தது. கன்டெய்னர் என்பது பெரிய இரும்புப் பெட்டி. இருபது அடி நீளம் இருக்கும். அதற்கு மேலும் நீளமான பெட்டிகள் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு பெட்டியில் 20 டன் சரக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம்.
20 டன் என்றால் 20,000 கிலோ.
ஒரு மூட்டை 50 கிலோ.
அப்படியானால் ஒரு பெட்டியில் 400 மூட்டை.
ஒருவர் ஒரு நாளில் 40 மூட்டை சுமந்தால், 400 மூட்டைக்குப் பத்துப் பேர் ஒரு நாள் முழுவதும் உழைக்க வேண்டும்.

பாரந்தூக்கி அந்தப் பெட்டியைச் சில நிமிடங்களில் தூக்கி வைத்துவிடும்.

2011ஆம் ஆண்டு வல்லார்பாடம் தீவில் கன்டெய்னர்களுக்கென்றே பெரிய முனையம் திறக்கப்பட்டது. அதுவும் கொச்சிக் காயலில் உள்ள தீவுதான். மட்டாஞ்சேரிக் கிடங்குகள் பல, கலைப்பொருள் கடைகளாகவும் உணவு விடுதிகளாகவும் மாறின. 2012ஆம் ஆண்டு முதல் கொச்சியில் பெரிய ஓவியக் கண்காட்சி நடக்கிறது. உலகம் முழுவதிலுமிருந்து பார்க்க வருகிறார்கள். பழைய கிடங்குகளில் இப்போது ஓவியங்கள் தொங்குகின்றன.

பாரந்தூக்கி வந்தது தவறா? இல்லை. மனிதரின் முதுகு தப்பியது. சரக்கு வேகமாகப் போனது. செலவு குறைந்தது. ஆனால் மிச்சமான பணத்தில் மூட்டை சுமந்தவருக்குப் பங்கு உண்டா? அவருக்கு வேறு தொழில் கற்றுக்கொடுத்தார்களா? அவர் பிள்ளை எங்கே வேலைக்குப் போவான்? இவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். “அவன் ஏன் சும்மா திரிகிறான்?” என்ற கேள்வியால் இவற்றுக்குப் பதில் கிடைக்காது.

வேலை போனால் மனம் என்ன ஆகும்?

மட்டாஞ்சேரிக்கு மட்டும் இப்படி நடக்கவில்லை. தொழில் போன ஊர்கள் உலகம் எங்கும் உண்டு. ஐரோப்பாவில் ஆஸ்திரியா என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே மரியன்தால் என்பது ஒரு சிற்றூர். ஒரே ஒரு பஞ்சாலையை நம்பித்தான் அந்த ஊர் வாழ்ந்தது. சுமார் 1930ஆம் ஆண்டு ஆலை மூடப்பட்டது. ஊரே வேலை இழந்தது.

சில ஆய்வாளர்கள் அங்கே போய் மக்களோடு பழகிப் பார்த்தார்கள். 1933ஆம் ஆண்டு புத்தகம் எழுதினார்கள். அவர்கள் கண்டது வியப்பானது.

வேலை இல்லாதவருக்கு நேரம் நிறைய இருக்கிறது. அதனால் நிறையப் படிப்பார் என்று நினைப்போம். ஆனால் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோனது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள். நடுவில் நின்று நின்று போனார்கள். எங்கும் போக வேண்டிய அவசரம் அவர்களுக்கு இல்லை. பெண்கள் அப்படி இல்லை. கூலி வேலை போனாலும் வீட்டு வேலை அவர்களை விடவில்லை.

மெதுவாக நடப்பவரைப் பார்த்தால் சோம்பேறி போலத்தான் தெரியும். ஆனால் சோம்பலால் வேலை போகவில்லை. வேலை போனதால் சோர்வு வந்தது. எது முன்னால், எது பின்னால் என்று பார்க்க வேண்டும்.

நோக்குக்கூலி

வேலை போய்விடுமோ என்ற பயம் சில நேரம் தவறான வழியையும் காட்டும். கேரளத்தில் நோக்குக்கூலி என்று ஒரு வழக்கம் இருந்தது. மலையாளத்தில் நோக்கு என்றால் பார்ப்பது. சொந்தக்காரர் தன் சாமானைத் தானே இறக்கினாலும், எந்திரத்தால் இறக்கினாலும், பார்த்துக்கொண்டு நின்றவர்கள் கூலி கேட்டார்கள். வீடு கட்டும் ஏழையும் இதனால் துன்பப்பட்டார். 2018ஆம் ஆண்டு மே 1ஆம் நாள், தொழிலாளர் தினத்தன்று, கேரள அரசு இந்த வழக்கத்தைத் தடை செய்தது.

நோக்குக்கூலி நியாயம் இல்லை. ஆனால் அதைச் சாக்காக வைத்து, சுமை தூக்கும் எல்லோரையும் பழிப்பதும் நியாயம் இல்லை.

வெட்கத்தை விட வேண்டும்

ஊர்ப் பேச்சுக்குப் பயந்து பலர் வாய் திறப்பதில்லை. காலையில் சட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவதுபோல் வெளியே போவார்கள். அடுப்பு எரியாததைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். உதவி கேட்கக் கூச்சப்படுவார்கள். கேட்காதவருக்கு உரிமை கிடைப்பதில்லை.

2021ஆம் ஆண்டு கேரள அரசு மிக வறிய குடும்பங்களைத் தேடிக் கணக்கெடுக்கத் தொடங்கியது. உணவு, உடல்நலம், வருமானம், வீடு என்று நான்கையும் பார்த்தார்கள். 64,006 குடும்பங்களைக் கண்டார்கள். அவர்களில் ரேஷன் அட்டைகூட இல்லாதவர்கள் இருந்தார்கள். இத்தனை திட்டங்கள் இருந்தும் அவர்கள் எதற்குள்ளும் வரவில்லை. தேடிப் போன பிறகுதான் வெளியே தெரிந்தார்கள். 2025ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள், கேரளத்தில் மிகக் கொடிய வறுமை ஒழிந்ததாக அரசு அறிவித்தது. இந்தக் கணக்கைக் குறித்துக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. கேள்வி கேட்பதும் நல்லதுதான். ஒரு குடும்பமும் விட்டுப்போகக் கூடாது அல்லவா?

ஏழை கேட்டு வரட்டும் என்று காத்திருப்பது ஒரு வழி. ஏழையைத் தேடிப் போவது இன்னொரு வழி. எது நல்ல வழி?

எழுத்தறிந்தவர் செய்யக்கூடியவை

1990ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள், எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் அதுதான் முதல் மாவட்டம். மூட்டை சுமந்த கைகளும் அன்று எழுதக் கற்றன.

எழுத்து எதற்கு உதவும்? பதிவு அட்டையில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்க உதவும். கூலிக் கணக்கைப் படிக்க உதவும். விண்ணப்பம் எழுத உதவும். கேரளத்தில் சுமைத் தொழிலாளர்களுக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. நகரத்து ஏழைகளுக்கு வேலை தர 2010ஆம் ஆண்டு அய்யன்காளி பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. சட்டம் இருப்பது தெரிந்தால்தானே கேட்க முடியும்?

நம் ஊரிலும் ஆலை மூடியிருக்கலாம். தறி நின்றிருக்கலாம். தீப்பெட்டி ஒட்டும் வேலை குறைந்திருக்கலாம். அந்த வீடுகளுக்குப் போங்கள். “ஏன் சும்மா இருக்கிறீர்கள்?” என்று கேட்காதீர்கள். “பெயரைப் பதிவு செய்துவிட்டீர்களா? வாருங்கள், விண்ணப்பத்தை நான் படித்துக் காட்டுகிறேன்” என்று சொல்லுங்கள். நீங்கள் கற்ற எழுத்து இன்னொரு வீட்டில் அடுப்பு எரிய உதவட்டும்.

சொற்களும் பொருளும்

காயல் – கடலோடு சேர்ந்த உப்பு நீர்ப் பரப்பு
கிடங்கு – சரக்கு வைக்கும் பெரிய கட்டடம்
வள்ளம் – சரக்கு ஏற்றும் படகு
முனையம் – கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் இடம்

கூடிப் பேசுங்கள்

1. சாப்பா வீசியபோது தொழிலாளர்கள் ஏன் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள்?
2. உங்கள் ஊரில் எந்தத் தொழில் குறைந்தது? அதற்குக் காரணம் என்ன?
3. வேலை இழந்தவர்களை உங்கள் ஊரார் எப்படிப் பேசுகிறார்கள்? அது சரியா?

கணக்குப் போடுங்கள்

ஒரு கப்பலில் 100 பெட்டிகள் வந்தன. ஒரு பெட்டிக்கு 400 மூட்டை. மொத்தம் எத்தனை மூட்டை? ஒருவர் நாளுக்கு 40 மூட்டை சுமந்தால், எல்லாவற்றையும் ஒரே நாளில் சுமக்க எத்தனை பேர் வேண்டும்?