துணி படும் முன் தண்ணீர் படட்டும்

முதல் கார் எடுத்த பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் இதுதான்: "பெரிய ஊர்கள்ல மிஷினுக்குள்ள விட்டுக் கழுவுறாங்களே, நம்ம வண்டியையும் விடலாமா? பெயிண்ட் கெட்டுப் போகாதா?" வன்னியம்பட்டியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போனாலும் ராஜபாளையம் பக்கம் போனாலும் கண்ணில் படுவது கன் பிடித்து அடிக்கிற வாட்டர் வாஷ் ஷெட்டுகள்தான். ஆனாலும் கேள்வி நியாயமானது. மதுரைக்கோ சென்னைக்கோ போன இடத்தில் வண்டியை மிஷினுக்குள் விட்டுவிட்டுப் பிறகு யோசிப்பதைவிட முன்னால் கேட்பது நல்லது. பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, பாலிஷ் போட்டே காலம் கழித்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன் தம்பி, கேட்டுக்கொள்.

1. உன் வண்டியின் மேல் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள். தகட்டைத் தொட்டியில் முக்கி மின்சாரத்தால் ஏற்றிய துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். நாலும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். கிளியர் கோட் மட்டும் 40 மைக்ரானை ஒட்டி வரும். ஒரு தலைமுடியின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான். அதில் பாதிக்குச் சற்றே கூடுதலான கனம்தான் உன் வண்டியின் பளபளப்பு முழுவதும். அம்பாசடர் காலத்துப் பெயிண்டில் மேலே கிளியர் கிடையாது. பாலிஷ் போட்டால் வண்டியின் நிறம் துணியில் ஒட்டி வரும், எவ்வளவு தேய்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். இன்று துணியில் நிறம் வருவதில்லை. அதனால் எதுவும் தேயவில்லை என்று நினைத்துவிடாதே.

2. கீறுவது மண். கையோ பிரஷ்ஷோ துணியோ அந்த மண்ணை இழுத்துக்கொண்டு போகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் தொட்டுப் போகிற 744ஆம் எண் நெடுஞ்சாலையில், புளியரை வழியாகக் கேரளாவுக்கு எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிப் போகிற டிப்பர் ஒன்றின் பின்னால் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார். பானட்டில் படிவது சாதாரணத் தூசி இல்லை, உடைத்த கல்லின் தூள். ஆற்று மணலாவது உருண்டு உருண்டு முனை மழுங்கியிருக்கும். இதற்கு எல்லாப் பக்கமும் முனை. கல்லில் இருக்கிற குவார்ட்ஸ், மோஸ் அளவுகோலில் 7. ஜன்னல் கண்ணாடி ஐந்தரைதான். கண்ணாடியையே கீறுகிற பொருளுக்குக் கிளியர் கோட் எம்மாத்திரம்? இதை மனதில் வைத்துக்கொண்டால் மிஷினா கையா என்ற கேள்வி இரண்டாம் பட்சமாகிவிடும். துணி படும் முன் இந்தத் தூள் தண்ணீரோடு இறங்கிப் போனதா என்பதே முதல் கேள்வி.

3. அதனால், காலையில் வண்டி எடுக்கும் முன் பனியன் துணியால் வறட்டுத் துடைப்பு துடைக்கிற பழக்கத்தை இன்றோடு விடு. நம் பக்கத்தில் நான் பார்க்கிற வண்டிகளில் பெயிண்ட் மங்குவதற்குப் பெரிய காரணம் இதுதான். எந்த மிஷினும் இவ்வளவு கெடுதல் செய்ததாக நான் பார்க்கவில்லை. மிஷினுக்கு நீ மாதத்துக்கு ஒரு தரம் போவாய். இதை நாள் தவறாமல் செய்கிறாய். அது உப்புத்தாள் போடுகிற மாதிரிதான், உனக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை, அவ்வளவுதான். துடைத்த கையோடு துணியை வெயிலில் உதறிப் பார். பறக்கிறதே, அத்தனையும் பானட்டின் மேல் உருண்டு வந்தது. கோழி இறகு டஸ்டராக இருந்தாலும் இதே கதைதான். முன் கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சி வைப்பர் போட்டுக்கொள், மற்ற இடம் தூசியாக இருக்கட்டும். தூசி படிந்த வண்டி அசிங்கம் இல்லை. தினம் துடைத்த கறுப்பு வண்டியை ரெண்டு வருஷம் கழித்து வெயிலில் நிறுத்திப் பார், அதுதான் பார்க்கச் சகிக்காது.

4. இனி மிஷினுக்கு வருகிறேன். காரைச் சுற்றி உருளைப் பிரஷ் ஓடுகிற தானியங்கிக்கு ஜெர்மனியில், ஆக்ஸ்பர்க் நகரத்துக்காரர்கள் இருவர் 1962இல் காப்புரிமை கேட்டார்கள். அந்தக் காலத்துப் பிரஷ் முரட்டு பிளாஸ்டிக் நார். மிஷினுக்குக் கெட்ட பேர் வந்தது அதனால்தான், அந்தப் பேர் நியாயமாக வந்ததும்கூட. இப்போது நல்ல மிஷின்களில் மிருதுவான ஃபோம் பட்டையோ துணிப் பட்டையோ இருக்கிறது. ஃபோம் நாரைப் போல மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. தண்ணீர் தாராளமாக ஓடினால் உதறிவிடும். தண்ணீரைச் சிக்கனம் பண்ணுகிற இடத்தில் எந்தப் பட்டையும் ஆபத்துதான்.

உள்ளே விடும் முன் இறங்கிப் போய்ப் பார், வெட்கப்படாதே. உனக்கு முன்னால் போன வண்டி எது? சேற்றோடு வந்த ஜீப் என்றால் அதன் சேறு அந்தப் பட்டையில் இருக்கும். மிஷினுக்குள் நுழையும் முன் ஒரு ஆள் கன் வைத்து மண்ணை இறக்கிவிடுகிறாரா? மறுபடி பயன்படுத்துகிற தண்ணீர் என்றால் வடிகட்டுகிறார்களா? கடைசியாக, கேட்டுக்கொண்டு ஒரு பட்டையை விரலிடுக்கில் வைத்து உருவிப் பார். நெறுநெறுவென்று இருந்தால் வண்டியைத் திருப்பு. கட்டிய காசு போனாலும் போகட்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், வெள்ளை, சில்வர் வண்டியைத் தாராளமாக விடலாம். புதுக் கறுப்பு, கருநீலம், அடர் சிவப்பு என்றால் நான் விடமாட்டேன். அந்த நிறங்களில் மட்டும் கீறல் அதிகமாக விழுவதில்லை, விழுந்தது ஒன்றுவிடாமல் தெரியும். பெயிண்ட் அடித்து ஒரு மாதம் ஆகாத வண்டியை எந்த நிறமானாலும் விடாதே. ஊர் ஷெட்டில் அடித்த பெயிண்ட் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே இறுக நாளாகும்.

வாரம் தவறாமல் மிஷினில் விடு என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்வதைப் பார்த்திருப்பாய். அவர்கள் ஊரில் பனிக்காலத்தில் சாலையில் உப்புப் போடுகிறார்கள். கழுவாமல் விட்டால் அடித்தகடே துருப்பிடித்துப் போகும்; அதற்கு முன்னால் நாலு கோடு பெரிதில்லை. நமக்கு அந்தக் கவலை கிடையாது. ராமேஸ்வரமோ தூத்துக்குடியோ போய்க் கடற்காற்றில் இரண்டு நாள் நிறுத்திவிட்டு வந்தால் மட்டும் உடனே கழுவிவிடு.

5. கோடு விழுந்திருந்தால் அதை எது போட்டது என்று படிக்கக் கற்றுக்கொள். ராத்திரி செல்போன் டார்ச்சைப் பானட்டின் மேல் பிடி. வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமாகத் தெரிந்தால், அவை உண்மையில் எல்லாத் திசையிலும் போகிற கோடுகள். வெளிச்சத்துக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றும். அது கையால் துடைத்தது. உருளைப் பிரஷ் போட்ட கோடு வேறு மாதிரி: கூரையிலும் பானட்டிலும் முன்னிருந்து பின்னாக, கதவில் படுக்கைவாட்டில், எல்லாம் ஒரே திசையில் வரிசையாக ஓடும். இதைப் பார்க்கத் தெரிந்தால், மிஷினில் விட்டதால் பெயிண்ட் போய்விட்டது என்று வருகிற பலருடைய வண்டியில் கிடப்பது வீட்டுத் துணி போட்ட கோடு என்பது உனக்கே புரியும்.

6. எதுவும் தொடாமல் தண்ணீரும் ரசாயனமும் மட்டும் பீய்ச்சுகிற மிஷினும் உண்டு. கீறலுக்கு அதுதான் பத்திரம். கை படாமல் அழுக்கை இறக்க வேண்டியிருப்பதால் காரமான திரவம் போடுவார்கள்; நீ பூசிய வாக்ஸ் சீக்கிரம் போய்விடும், அலுமினியப் பட்டைகள் வெளுக்கவும் கூடும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். நான் பயப்படுவது அதற்கு அடுத்த நிமிஷத்துக்கு. தண்ணீர் அடித்த பிறகும் மெல்லிய மண் படலம் பெயிண்டில் ஒட்டியே இருக்கும், விரலால் தொட்டால் கோடு தெரியும். வெளியே நிற்கிற பையன் பத்து வண்டி துடைத்த அதே துணியோடு ஓடி வந்து ஈரத்தைத் துடைப்பான். தொடாத மிஷினுக்குக் கொடுத்த காசு அங்கேயே போயிற்று. "வேண்டாம் தம்பி, நான் பார்த்துக்கிறேன்" என்று அன்பாகச் சொல்லி, கேட்கிறதைக் கையில் கொடுத்துவிட்டு, உன் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடு.

7. எந்த மிஷினானாலும் கண்ணாடிகளை மடக்கு, ஏரியலைக் கழற்று, தானாக ஓடும் வைப்பரை அணை. பம்பரில் கட்டிய எலுமிச்சை, மிளகாய்க் கயிற்றையும் காய்ந்த மாலையையும் எடுத்துவிடு. அவற்றைக் கட்டிய கம்பி பிரஷ்ஷில் சிக்கினால் உனக்கு மட்டுமல்ல, பின்னால் வருகிற வண்டிக்கும் சேர்த்துக் கீறும்.

8. நம் ஊர் வாட்டர் வாஷிலும் கவனம் வேண்டும். கன் முனை பெயிண்டிலிருந்து ஒரு அடியாவது தள்ளி இருக்கட்டும். கல் தெறித்து ஏற்கெனவே பெயிண்ட் பெயர்ந்த ஓரத்தில் கிட்டே பிடித்து அடித்தால் தோல் மாதிரி உரிந்து வரும். முதலில் வெறும் தண்ணீர், பிறகு நுரை, நுரை ஊற ரெண்டு நிமிஷம், மறுபடி தண்ணீர், அதன் பிறகுதான் துணி. சக்கரம் துடைத்த துணி பானட்டுக்கு வரக் கூடாது. கீழே விழுந்த துணியை உதறிவிட்டு எடுக்கிறார்களா என்று பார். அதை ஓரமாகப் போட்டுவிட்டு வேறு துணி எடுக்கச் சொல். அடியில் டீசல் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊறிக் கெடும், மேலே படிகிற எண்ணெய்ப் பிசுக்கில் அன்று சாயங்காலமே தூசி ஒட்டிக்கொள்ளும். வீட்டில் கழுவுகிறாயா, இரண்டு வாளி வை: ஒன்றில் கார் ஷாம்பூ, ஒன்றில் துணி அலசும் தண்ணீர். துணி சோப்புத் தூள் காரம், அதைத் தொடாதே.

9. உச்சி வெயிலில் கழுவாதே. நம் போர் தண்ணீர் உப்பு. சூடான தகட்டில் நொடியில் காய்ந்து, ஒவ்வொரு சொட்டும் ஒரு வெள்ளை வளையமாகச் சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போகும். அது ஊறிவிட்டால் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

10. மாமர நிழலை நம்பாதே. ராஜபாளையம் பக்கத்துத் தோப்புகளில் பூ எடுக்கிற காலத்தில் தத்துப்பூச்சி இறக்குகிற தேன் பிசுபிசுப்பு பிசின் மாதிரி ஒட்டும். அதையும் காக்கை எச்சத்தையும் ஈரத் துணி போட்டு ஊறவைத்து எடு. புது வண்டிக்கு ஆண்டாள் கோவிலில் பூஜை போட்டு வைத்த சந்தனமும், சபரிமலைக்குப் போய் வந்த வண்டியின் குங்குமமும் அப்படித்தான். வைத்த பொட்டைக் கழுவ மனம் வராது, எனக்குப் புரிகிறது. மறுநாளாவது கண்ணாடியில் மட்டும் ஒன்றை வைத்துக்கொண்டு பெயிண்டில் உள்ளதை ஊறவைத்து எடுத்துவிடு. நகத்தால் சுரண்டாதே.

11. செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாது என்று சொல்லி விற்பார்கள். அதில் சொல்கிற 9எச் என்பது பென்சில் கடினத்தின் அளவு. கல் தூள் அதையும் கீறும். தண்ணீர் வழிந்து ஓடும், அழுக்கு எளிதாக இறங்கும், அதற்காகப் போடுகிறாய் என்றால் நல்ல சாமான்தான்.

12. கோடு தெரிந்ததும் ரப்பிங் போடச் சொல்லி ஓடி வராதே. ஒவ்வொரு ரப்பிங்கிலும் கிளியர் கோட் கொஞ்சம் குறையும், அது திரும்ப வளராது. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் இலவசமாகப் பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்றாலும் வேண்டாம் என்று எழுதிக் கொடு. கோட்டின் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டிப் பார். மாட்டவில்லை என்றால் அப்படியே ஓட்டு, எப்போதாவது ஒரு முறை பாலிஷ் போதும். நகம் மாட்டினால் ரப்பிங் அதை எடுக்காது, சுற்றியிருக்கிற நல்ல இடத்தைத்தான் தின்னும். தகடு தெரிகிற அளவு ஆழமென்றால் மழைக்கு முன்னால் கொண்டு வா, டச்-அப் வைத்து அடைத்துவிடலாம்.